கரண்டி எத்தனை மில்லி?

(உணவூட்டவியலைத் துணைப்பாடமாக எடுத்திருக்கும் முதலாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவ நண்பர்களே, வணக்கம்.

வரவேற்புரையில் என்னை ஊட்டச்சத்து நிபுணர் என்று சொல்லிவிட்டார்கள். நான் பொருளாதாரம் படித்தவள். உணவூட்டவியல் எனக்குத் துணைப்பாடம். அதையும் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. கணினிப் பாடத்தில் இடம் நிரம்பிவிட்டது. "இது சமையல் வகுப்புதான், மதிப்பெண்ணை அள்ளலாம்" என்றார் மூத்த மாணவி ஒருவர். கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் பருவத்திலேயே, உணவிலிருந்து உடல் ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சி வந்து நின்றது. அந்த அக்கா சொன்ன எதையும் அதன்பிறகு நான் நம்பியதில்லை.

முதல் செய்முறை வேலை எளிதாகத் தோன்றியது. ஒருவர் நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுத வேண்டும். அறைத்தோழியைப் பிடித்தேன். "காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை" என்றாள். கிளறிக் கேட்டால் இரண்டு டீ, நான்கு பிஸ்கட், பக்கத்து அறைக்கு ஊரிலிருந்து வந்த முறுக்கு. அவள் பொய் சொல்லவில்லை. இட்லி, தோசை இல்லாததெல்லாம் அவள் கணக்கில் சாப்பாடே இல்லை! மதியம் என்ன என்றேன். சோறு, இரண்டு கரண்டி சாம்பார். எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். பேராசிரியை கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கரண்டி?"

விடுதிச் சமையலறையில் மூன்று குழிக்கரண்டிகள் இருந்தன. தண்ணீர் ஊற்றி அளந்தோம். சிறியது 60 மில்லி, பெரியது 150. யார் பரிமாறுகிறார் என்பதைப் பொறுத்து என் தோழியின் பருப்பு இரண்டரை மடங்கு கூடிக் குறைந்தது. அந்தச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பது தனி வழக்கு; அதற்குள் போகவில்லை.

அளந்ததைச் சத்தாக மாற்ற உணவுப் பட்டியல் வேண்டும். உங்கள் கையில் இருக்கும் 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் 528 உணவுகள் இருக்கின்றன. கேழ்வரகைப் பாருங்கள், அரிசியைப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்தில் மலையும் மடுவுமாக இருக்கும். அதை வெளியிட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. அது பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய, பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர்களின் கோதுமை, பால், காய்கறி உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம். சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி. நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது அந்த வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தள்ளி நிறுத்தியது அப்படித்தான். அவித்த பாட்டிமார்களுக்குத் தயமின் தெரியாது. நெல் உடையாமல் குத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

சரி, பொருளாதாரத்துக்கு இதில் என்ன வேலை? இரண்டாம் ஆண்டில் வறுமைக்கோடு பாடம் வந்தது. 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு போட்ட கணக்கு: கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100. அந்த அளவு உண்ணும் குடும்பங்களின் செலவைப் பார்த்து, 1973-74 விலையில் கிராமத்தில் மாதம் 49 ரூபாய் 9 காசு, நகரத்தில் 56 ரூபாய் 64 காசு என்று கோடு கிழித்தார்கள். வகுப்பில் எல்லோரும் அந்தக் காசை எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அறைத்தோழியின் முறுக்கு ஞாபகம் வந்தது. எந்தக் குடும்பம் 2400 கலோரி உண்கிறது என்பதை எங்கோ ஒருவர் கேட்டு, ஒருவர் நினைவுபடுத்திச் சொல்லி, இன்னொருவர் பட்டியலால் பெருக்கியிருக்கிறார். இந்த நாட்டில் யார் ஏழை என்று சொன்ன கோட்டுக்கு அடியில் ஒரு கரண்டி கிடந்தது.

துணைப்பாடம் எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். முதன்மைப் பாடம் கொடுத்த எண்ணை அப்படியே விழுங்கவிடவில்லை.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். 1960களின் இறுதியில் உலகமெங்கும் 'புரத நெருக்கடி' என்று பேச்சு. ஏழைக் குழந்தைகளுக்குப் புரத மாவு கொடுத்தால் போதும் என்று நம்பினார்கள். அதை மறுத்தவர்களில் ஒருவர் பி.வி.சுகாத்மே. அவர் புள்ளியியல்காரர்; உலக உணவு, வேளாண்மை அமைப்பின் புள்ளியியல் பிரிவை நடத்தியவர். தானியமும் பருப்பும் வயிறாரக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், பற்றாக்குறை மொத்தச் சோற்றிலேயே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சாப்பாடே போதாத உடலில் புரதத்தைக் கொட்டினால் உடல் அதை எரித்துவிடும். விறகில்லாத வீட்டில் நாற்காலியை உடைத்து அடுப்பில் வைப்பதைப் போல. இன்று உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் விற்கும் டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வருகிறது. உங்களில் டப்பா வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் துணைப்பாடத்துக்கு 24. அதைப் படித்தவர் உணவு ஆலோசகர் ஆகிவிடமாட்டார். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் சர்க்கரை உள்ள பெரியப்பா "நீதான் படிக்கிறாயே, எனக்கு ஒரு சார்ட் எழுதிக் கொடு" என்பார். என் பெரியப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாலை கோயில் வாசலில் சர்க்கரை இறங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டார். பூக்கடைக்காரர் கொடுத்த பானகம் காப்பாற்றியது. "மருத்துவரைக் கேளுங்கள் பெரியப்பா" என்று சொல்ல எனக்கு அதற்குப் பிறகுதான் வாய் வந்தது.

இந்த மேசையில் இருக்கும் இரண்டு கரண்டிகளும் உங்கள் விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கியவை. பன்னிரண்டு மணிக்குள் திருப்பித் தராவிட்டால் மதியச் சாம்பார் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அளவுக் குவளையும் தண்ணீரும் இதோ இருக்கின்றன. முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் மேலே வாருங்கள்.