காரைக்குடி வந்தால் சிக்ரியையும் பாருங்க!

வணக்கம் மக்களே! காரைக்குடி வீடியோ என்றாலே ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல், அப்புறம் சாப்பாடு. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இன்றைக்கு நான் நிற்பது சிக்ரி வாசலில். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். தினமும் இந்த வழியாகப் போய்வருகிற நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த ஆதங்கத்தில்தான் இந்த வீடியோ.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தண்ணீருக்கே தவித்த வறண்ட சீமையில் கோயில், சத்திரம் கட்டுவதோடு ஓர் ஆய்வகத்துக்கும் இடம் கொடுக்கத் தோன்றியதே, அந்த மனசைச் சொல்லுங்கள்.

சரி, மின்வேதியியல், அதாவது மின்சாரத்துக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் படிக்கிற துறை, நமக்கு எதற்கு? கடலோர வீடுகளில் கான்கிரீட் உப்பி, பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. இதைத் தடுக்கக் கம்பிக்குப் பூசுகிற சிமெண்ட் பூச்சை சிக்ரியில் உருவாக்கியிருக்கிறார்கள். பாம்பனுக்குப் பக்கத்தில், மண்டபத்தில், கடல்காற்றில் உலோகங்களை வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க இவர்களுக்கு ஒரு நிலையமே இருக்கிறது.

அடுத்து, உங்கள் கையில் இருக்கிற போனின் பேட்டரி. இங்கேயும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு, கோபால்ட் என்ற உலோகம் சேர்ந்த ஆக்சைடு மின்முனையைக் கண்டுபிடித்தது. பேட்டரிக்குள் மின்சாரம் போய்வருகிற முனைதான் மின்முனை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் உலகமே மாறிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டில் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே சில சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகளும் மண் சுமக்கிறார்கள். ஓர் ஆய்வக மேசையில் எந்த உலோகம் என்று முடிவாகிறதோ, அது எங்கேயோ ஒரு குழந்தையின் பிழைப்பைத் தொடுகிறது. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

கோபால்ட்டுக்கு மாற்று வழியும் ஆய்வகத்திலிருந்துதான் வந்தது. 1980-களில் டெக்சஸில் குட்இனஃபோடு வேலை பார்த்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் பிஎச்டி முடித்தவர். சல்ஃபேட் மாதிரியான சேர்மங்களையும் மின்முனையாக்கலாம் என்று இருவரும் காட்டினார்கள். அந்தத் தடத்தில் 1997-இல் குட்இனஃப் குழு இரும்பு பாஸ்பேட் மின்முனையைக் கொண்டுவந்தது. அதில் கோபால்ட்டே கிடையாது. இன்றைக்கு எத்தனையோ மின்சார பஸ்கள் அந்த வகை பேட்டரியில் ஓடுகின்றன. 2019-இல் குட்இனஃப் நோபல் பரிசு வாங்கினபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் நம்ம மந்திரம்தான். அந்த உரை யூடியூபில் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள்.

உலகம் எந்தப் பக்கம் போகணும் என்று முடிவு செய்கிற மேசைகளில் நம்ம பிள்ளைகளும் உட்காரணும். அதற்கு வெளிநாடுதான் போகணும் என்றில்லை. சிக்ரியிலேயே கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் பொறியியல் கவுன்சிலிங்கில் இதையும் பாருங்கள். செப்டம்பர் 26, சிக்ரியை நடத்துகிற மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவப்பட்ட நாள். அதை ஒட்டி ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிற வழக்கம் உண்டு. தேதியை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். உள்ளே என்ன கேட்கணும் என்று தோன்றுகிறதோ, அதைக் கமெண்டில் போடுங்கள். இந்த வருஷம் நானும் போகிறேன், உங்கள் கேள்வியைக் கேட்டு வருகிறேன்.