முதல் நாள் போட்ட கையெழுத்து

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணியினருக்கும், நான் பேசத் தொடங்கமுன்னரே சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்து இந்த ஸ்காபரோ மண்டபத்தில் அமர்ந்திருக்கும் சபையோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மக்களிடம் பெயர் கெட்டுப்போன ஆளுங்கட்சி அடுத்த தேர்தலில் கரையேறுவது ஆளை மாற்றியா, பாதையை மாற்றியா? ஆளை மாற்றித்தான் என்கிறது எதிரணி. பாதையை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று சொல்ல வந்திருக்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் தன் நேரம் முழுவதையும் ஒரே கதைக்குச் செலவழித்தார். 2025 தொடங்கும்போது கனடாவை ஆண்ட லிபரல் கட்சி கருத்துக்கணிப்பில் 20 புள்ளிகளுக்கு மேல் பின்னால் கிடந்தது. ஜனவரி 6 அன்று பிரதமர் ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார். மார்ச் 9 அன்று மார்க் கார்னி கட்சித் தலைவரானார். ஏப்ரல் 28 தேர்தலில் 169 ஆசனங்களோடு லிபரல் வென்றது. "ஆள் போனார், ஆட்சி நின்றது" என்று சொல்லிக் கைதட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

கதை சரிதான் ஐயா. ஆனால் நடுவில் ஒரு நாளை அப்படியே விழுங்கிவிட்டார்.

மார்ச் 14. கார்னி பிரதமராகப் பதவியேற்ற நாள். அன்றைக்கே அமைச்சரவையைக் கூட்டி, கமராக்களை உள்ளே கூப்பிட்டு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். எரிபொருள் வாங்கும்போது பொதுமக்கள் கட்டிவந்த காபன் வரி, அதாவது புகையைக் குறைப்பதற்கென்று போட்ட வரி, ஏப்ரல் 1 முதல் பூச்சியம். பெற்றோல் லீற்றருக்கு 17.6 சதமாக இருந்த வரி அது. ஏப்ரல் முதலாம் திகதி பெற்றோல் நிலையப் பலகையைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையை உயர்த்த வேண்டாம், எனக்குத் தெரியும். அன்றைக்கு டாங்கை நிரப்பாதவர் யார்?

இந்த வரியில் ஒரு விசித்திரம் உண்டு. அரசாங்கம் காசைத் திருப்பியும் தந்துகொண்டுதான் இருந்தது. 2024இல் ஒன்ராறியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருடம் 1,120 டொலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 வங்கிக் கணக்கில் விழும். ஆனால் அது எதற்கு விழுகிறது என்று பலருக்கு விளங்கவில்லை. 2024இல் அந்தக் கொடுப்பனவின் பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அதற்கு முன்னர் 2023 ஒக்டோபரில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்குக் கொடுத்தார்கள். அந்த எண்ணெயை அதிகம் பாவிப்பது அத்திலாந்திக் மாகாணங்கள். உடனே எரிவாயு பாவிக்கும் மற்ற மாகாணங்கள், "அவர்களுக்குக் குளிர், எங்களுக்கு வெயிலா?" என்று பிடித்துக்கொண்டன. அரைகுறையாய் இறங்கினால் முழுசாய் அடி விழும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பலன்? 2024 ஜூனில், 1993 முதல் லிபரல் கையில் இருந்த ரொறன்ரோ சென்ற் போல்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் போனது. 2025இல் அதே தொகுதி திரும்பி வந்தது. இடையில் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ் என்ன நினைத்திருந்தார்? அடுத்த தேர்தல் காபன் வரித் தேர்தலாகத்தான் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வரியை வெட்டு" என்ற சுலோகம் தயார், ரீசேட் தயார். மனுஷன் கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்க்கிறார், வெட்ட மரத்தைக் காணோம். ட்ரம்ப்பின் இறக்குமதி வரி மிரட்டலும், கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக்கும் பேச்சும் லிபரலுக்குக் கைகொடுத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்கள் ட்ரம்ப்பைப் பார்த்துப் பயப்படுவதற்கு முதலில் பெற்றோல் பலகையில் இருந்து கண்ணை எடுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்தது மார்ச் 14.

சரி, ஆளை மாற்றிவிட்டு வரியை மாற்றாமல் விட்டிருந்தால்? கற்பனை பண்ணத் தேவையில்லை. இதே நாட்டில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

1988இல் பிரதமர் பிரையன் மல்ரோனியின் முற்போக்குக் கொன்சர்வேடிவ் கட்சி வென்றதும் 169 ஆசனங்கள்தான். அதே எண், குறித்துக்கொள்ளுங்கள். 1991 ஜனவரி 1 அன்று ஜீஎஸ்ரி என்ற பொருள்கள், சேவைகள் வரி வந்தது, 7 வீதம். முன்பு 13.5 வீத வரி ஒன்று இருந்ததுதான், ஆனால் அது தொழிற்சாலையிலேயே விலைக்குள் ஒளிந்துவிடும், யாருக்கும் தெரியாது. புதிய வரி பில்லில் தனி வரியாகக் கண்ணில் குத்தியது. அந்த வருடங்களில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களைக் கேளுங்கள். நூறு டொலருக்குக் குளிர்ச்சட்டை என்று விலைச்சீட்டில் இருக்கும். சரியாக நூறை எண்ணி எடுத்துக்கொண்டு போனால், மாகாண வரி 8, இது 7, கொண்டா 115 என்பார் காசாளர். சட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு.

1993இல் மல்ரோனி விலகினார். ஜூனில் கிம் கம்பெல் வந்தார். நாட்டின் முதல் பெண் பிரதமர், அந்தக் கோடையில் அவருக்கு இருந்த வரவேற்பு கொஞ்சநஞ்சம் அல்ல. எதிரணி கேட்கும் புதுமுகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே அதே பழைய மீனை விற்றார்கள். ஒக்டோபர் 25 அன்று எத்தனை ஆசனம் தெரியுமா? இரண்டு! நூற்று அறுபத்தொன்பதில் இருந்து இரண்டு. நாடாளுமன்றத்தில் கட்சி என்று அங்கீகரிக்கவே 12 பேர் வேண்டும். அவருடைய சொந்தத் தொகுதியும் போனது. (அந்த வரியை மாற்றுவோம் என்று சொல்லி வந்த லிபரல்காரர் அதை அப்படியே வைத்துக்கொண்டது வேறொரு பட்டிமன்றம். நடுவர் முறைக்கிறார், நான் மேலே போகிறேன்.)

இப்போது லண்டனுக்கு வாருங்கள். "தாட்சர் போய் ஜோன் மேஜர் வந்ததால்தானே 1992இல் வென்றார்கள்" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். தாட்சர் விழுந்ததற்கு ஒரு பெரிய காரணம் தலைவரி. ஒரு நகரசபைக்குள் மாளிகையில் இருக்கும் பிரபுவுக்கும் ஒற்றை அறையில் இருக்கும் தொழிலாளிக்கும் தலைக்கு ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம், நவம்பரில் தாட்சர் ராஜினாமா, மேஜர் பிரதமர். இதுவரை சரி. அடுத்த மார்ச் மாதத்தை ஏன் சொல்லவில்லை? குவைத் போர் வெற்றியோடு நின்று ஒரு கிழமை. புதுப் பிரதமருக்கு நல்ல பெயர். மார்ச் 7 அன்று றிபிள் வலி தொகுதியில் இடைத்தேர்தல். கண்ணை மூடிக்கொண்டு கொன்சர்வேடிவ் வெல்லும் இடம், முந்தைய தேர்தலில் 19,000க்கு மேல் பெரும்பான்மை. தோற்றார்கள். புது முகம் இருந்தது, போர் வெற்றி இருந்தது, தலைவரியும் இருந்தது!

இரண்டே கிழமையில் பாடம் படித்தார்கள். அமைச்சர் ஹெசல்ரைன் எழுந்து தலைவரியை ஒழிப்பதாக அறிவித்தார். அதே நாட்களில் வந்த பட்ஜெட்டில் தலைக்கு 140 பவுண் குறைத்தார்கள். அந்தக் காசுக்கு, பொருள் வாங்கும்போது கட்டும் வற் வரியை 15இல் இருந்து 17.5 ஆக்கினோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 1992 ஏப்ரல் 9 அன்று, கருத்துக்கணிப்பெல்லாம் பொய்த்துப்போக, 336 ஆசனங்கள். றிபிள் வலியும் திரும்பி வந்தது.

அந்தக் கட்சியே பின்னாளில் எதிரணியின் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். ஜோன்சன் போனார், ட்ரஸ் வந்தார், ட்ரஸ் வந்த சத்தம் அடங்கமுன்னர் சுனக் வந்தார். 2024இல் 121 ஆசனங்களோடு ஆட்சி போனது.

எதிரணியில் ஓர் அக்கா எங்களுக்கு ஒரு பொறி வைத்தார், நல்ல பொறி. "இதே ஒன்ராறியோவில் மாகாண முதல்வர் கத்லீன் வின் 2017இல் ஹைட்ரோ பில்லை, அதாவது மின்சாரக் கட்டணத்தை, 25 வீதம் குறைத்தாரே, 2018இல் 7 ஆசனம்தானே" என்றார். உண்மை. பாதையை மாற்றினால் எப்போதும் வெற்றி என்று நான் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் அந்தக் குறைப்பு எப்படி வந்தது? கடன் வாங்கி. அதுவும் கடன் அரசாங்கக் கணக்கில் தெரியாதபடி சுற்றி வளைத்து. தேவைக்கு மேல் 4 பில்லியன் டொலர் வரை வட்டி போகலாம் என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகமே எழுதினார். இன்று பில்லில் குறைத்ததைப் பிள்ளைகளின் பில்லில் ஏற்றுவதற்குப் பெயர் பாதை மாற்றமா அக்கா? மேஜரின் அரசு ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது, இரண்டு கையையும் காட்டியது.

ஆளையே மாற்றாமல் வென்றவரும் உண்டு. 2001 தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில் பிரதமர் ஜோன் ஹோவர்டின் கதை முடிந்தது என்றுதான் பேச்சு. மார்ச் 1 அன்று பெற்றோல் தீர்வையை லீற்றருக்கு 1.5 சதம் குறைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தானாக ஏறும் முறையையும் நிறுத்தினார். சிறு வியாபாரிகளின் வரிப் படிவத் தலையிடியையும் குறைத்தார். அந்த மாதமே றையன் இடைத்தேர்தலில் தோற்றார், கோபம் ஆறக் கொஞ்சம் நாள் எடுக்கும். ஜூலையில் அஸ்ரன் இடைத்தேர்தலில் தொகுதியைத் தக்கவைத்தார். நவம்பரில் ஆட்சியையும். "டம்பா கப்பலில் வந்த அகதிகளை நாட்டுக்குள் விடாமல் அதை வைத்து அரசியல் செய்துதான் வென்றார்" என்பீர்கள். அகதியாக வந்த நான் அந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கைதட்டும் தரமாட்டேன். ஆனால் கப்பல் வந்தது ஓகஸ்ட் கடைசியில். அஸ்ரன் ஜூலையில்.

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணைக்கு ஒரு கேள்வியை மட்டும் விட்டுப் போகிறேன். மார்ச் 14 அன்று கார்னி அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 அன்று வரி குறையாமல் வழக்கம்போல ஏறுகிறது. பொலியேவ் ஒவ்வொரு பெற்றோல் நிலைய வாசலிலும் கமராவோடு நிற்கிறார். 169 வந்திருக்குமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள் அண்ணை. நன்றி, வணக்கம்.