நாற்காலிக்கு ஒரு மணி நேரம்

வணக்கம் நேயர்களே.

புதிய உணவகங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், வருகிறவர்கள் பெரும்பாலும் சமையலைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த செஃப், எந்த ஊர்ச் சமையல், எது நாக்கில் நிற்கிறது என்று. என் வேலை உணவகங்களுக்குக் கணக்குப் பார்ப்பது. சமையலறைக்குள் அதிகம் போவதில்லை, பில் கட்டுகளோடுதான் பழக்கம். அதனால் இன்றைய பேச்சில் ருசி கொஞ்சம் குறைவாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெருநகரமாக இருந்தாலும் சரி, இப்போது திறக்கிற ஓர் உணவகம் எப்படி இருக்கும் என்று உள்ளே போகாமலேயே சொல்லிவிடலாம். மெனு ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். சின்னச் சின்னத் தட்டுகளில் உணவு வரும், நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சமையலறை கண்ணெதிரே திறந்து கிடக்கும், அதை ஒட்டி உயரமான ஸ்டூல்கள். மேசைக்கு விரிப்பு கிடையாது. எதிரே இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். முன்பதிவு செய்யும்போதே கார்டு எண்ணைக் கேட்பார்கள். இரண்டு மணி நேரத்தில் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு குறுஞ்செய்தியும் வரும்.

இதையெல்லாம் ரசனை மாறிவிட்டது என்று சொல்கிறார்கள். ரசனையும் மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள். ஒரு நாற்காலி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்படிக் கணக்குப் போடும் முறையைத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹோட்டல் நிர்வாகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஷெரில் கைம்ஸ். 1990-களின் கடைசியில் எழுதினார். விமான நிறுவனங்களும் தங்கும் விடுதிகளும் ஏற்கெனவே செய்துவந்ததுதான். விமானம் கிளம்பிய பிறகு அதில் காலியாகப் போகும் இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. உணவகத்தில் இரவு ஏழிலிருந்து எட்டு மணிவரை காலியாகக் கிடந்த நாற்காலியும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு, மின்சாரம் உண்டு.

நாற்பது நாற்காலிகள், இரவில் ஐந்து மணி நேர வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கையில் இருப்பது 200 நாற்காலி-மணி. அதற்குள்தான் அவர் பிழைக்க வேண்டும். வாடிக்கையாளர்களோ எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டு மணிக்கு வந்து நிற்பார்கள், ஆறு மணிக்கு ஈ ஆடும். இரண்டு பந்தி உட்காரவைக்க முடிந்தால் கடை ஓடும். ஒரே பந்தி என்றால் ஓடுவது சந்தேகம்.

சந்தேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தேறுவது அவ்வளவு குறைவு. பொதுவாகத் தொழிலில் சொல்லும் கணக்கு இது: வாடிக்கையாளர் கொடுக்கும் நூறில் ஏறக்குறைய முப்பது மளிகை, காய்கறி, இறைச்சிக்குப் போகும். இன்னொரு முப்பது சம்பளம். பிறகு வாடகை, எரிவாயு, உடைகிற தட்டு, கார்டு கட்டணம், வரி. கடைசியில் முதலாளிக்கு மூன்றோ ஐந்தோ நின்றால் நல்ல வருஷம். பத்து உணவகங்களில் ஒன்பது முதல் வருஷத்திலேயே மூடிவிடும் என்று ஒரு பேச்சு உலகம் முழுக்க உலவுகிறது, அது மிகை. ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர உணவகங்களை வைத்து எச். ஜி. பார்சாவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அதில் முதல் வருஷத்தில் மூடியவை 26 சதவீதம், மூன்று வருஷம் முடிவதற்குள் மூடியவை ஏறக்குறைய 60 சதவீதம். ஒன்பதும் இல்லை, ஆனாலும் நிம்மதியாகத் தூங்கவிடும் எண்ணிக்கையும் இல்லை.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மேசைக்குத் திரும்பிப் போவோம். மெனு ஏன் சுருங்கியது? எண்பது அயிட்டம் வைத்தால் எண்பதுக்கும் சரக்கு வாங்கிவைக்க வேண்டும், பாதி கெட்டுப்போகும், சமையல்காரர்களும் கூடுதலாக வேண்டும். பதினைந்து அயிட்டம் என்றால் ஒரே பொருள் மூன்று தட்டுகளில் புகுந்து வரும். உற்றுப் பாருங்கள், ஒரே கீரை சாலடிலும் இருக்கும், சாஸிலும் இருக்கும், மேலே தூவியும் இருக்கும். இதில் எனக்குக் குறையே இல்லை. சின்ன மெனு பெரும்பாலும் நல்ல மெனு.

சின்னத் தட்டுகள் விஷயத்தில் அவ்வளவு தாராளமாக இருக்கமாட்டேன். “எது தயாராகிறதோ அது மேசைக்கு வந்துவிடும்” என்று சர்வர் சிரித்தபடி சொல்வாரே, அது சமையலறையின் வசதி. நான்கு பேருக்குச் சொன்ன நான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் சூடாக வரவேண்டும் என்றால் அடுப்படியில் பெரிய ஒருங்கிணைப்பு வேண்டும், அனுபவப்பட்ட ஆள் வேண்டும். பகிர்ந்து சாப்பிடும் முறையில் அந்தத் தொல்லை இல்லை. தலைக்கு மூன்று தட்டு சொல்லுங்கள் என்று ஆலோசனையும் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் விலை குறைவாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து பேர் மேசையில் நான்கு துண்டுகளோடு ஒரு தட்டு வருகிறதே, அதை யார்தான் யோசித்து வைத்தார்களோ.

திறந்த சமையலறையும் அதைச் சுற்றிய இருக்கைகளும் பழைய யோசனைதான். ஜப்பானில் ஒசாகா பக்கம் 1958-ல் யோஷியாகி ஷிராயிஷி என்பவர், பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்ந்துபோவதைப் பார்த்து, சுஷித் தட்டுகளையும் அப்படியே வாடிக்கையாளர் முன்னால் சுற்றவிட்டார். பரிமாறும் ஆட்கள் குறைந்தார்கள், சாப்பிடும் வேகம் கூடியது. அதன் பிறகு 2003-ல் பிரெஞ்சுச் சமையல் மேதை ஜோயல் ரொபுஷோன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சமையலறையைச் சுற்றி உயர்ந்த நாற்காலிகள் போட்ட உணவகங்களைத் திறந்தார். அதுவரை அது பெரும்பாலும் எளிய கடைகளின் அமைப்பு. அவர் செய்த பிறகு அதற்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது. கணக்கு என்ன என்றால், தனியாகச் சாப்பிட வருகிறவர். இரண்டு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு நாற்காலி வீண். கவுன்ட்டரில் ஒருவர் வந்தால் ஒரு நாற்காலிதான் போகும். பெருநகரத்தில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. முன்பெல்லாம் அவர்களைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்கு அனுப்புவார்கள், இப்போது சமையல்காரர் முன்னால் உட்காரவைக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது இரைச்சல். இதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இது தங்கள் காதின் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். நெரிசலான புதிய உணவகங்களில் 80-ஐத் தாண்டுவது அபூர்வமில்லை. காரணம் அலங்காரம்தான். கான்கிரீட் தரை, கண்ணாடிச் சுவர், ஃபால்ஸ் சீலிங் இல்லாத கூரை, விரிப்பில்லாத மேசை. ஒலியை உறிஞ்சிக்கொள்ள ஒரு துண்டுத் துணிகூட இல்லை. விரிப்பை எடுத்துவிட்டால் சலவைச் செலவு மிச்சம், துடைத்துவிட்டு அடுத்த ஆளை உடனே உட்காரவைக்கலாம். சுற்றுப்புறச் சத்தம் கூடினால் மனிதன் தானாகவே குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லோம்பார் 1911-லேயே எழுதிவைத்துவிட்டார். ஒரு மேசை கத்த, அடுத்த மேசை அதைவிடக் கத்த, அது அப்படியே ஏறிக்கொண்டே போகும்.

இசையும் சும்மா ஒலிப்பதில்லை. ரொனால்ட் மில்லிமன் என்ற ஆய்வாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்த இரவுகளில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 56 நிமிடம் இருந்தார்கள், வேகமான இசை ஒலித்த இரவுகளில் 45 நிமிடம். உணவுக்கான செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மெதுவான இசையின்போது மதுபானச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். ஆக, வாசலில் வரிசை நிற்கும் சனிக்கிழமை இரவில் உங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை உங்களைப் பிடித்துவைக்க வேண்டும். பாட்டின் வேகத்தைக் கவனித்தால் முதலாளியின் அன்றைய மனநிலை தெரிந்துவிடும்.

முன்பதிவுக்கு வருகிறேன். இணையத்தில் மேசை பிடிக்கும் வசதி 1998-ல் ஓப்பன்டேபிள் நிறுவனம் வந்த பிறகு பரவியது. பிடிப்பது சுலபமானதும் பிடித்துவிட்டு வராமல் இருப்பதும் சுலபமாகிவிட்டது. ஒரே இரவுக்கு மூன்று இடங்களில் பதிவு செய்துவிட்டு, சாயங்காலம் மனம் போன இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நாற்பது நாற்காலிக் கடையில் ஆறு பேர் வராவிட்டால் அன்றைய லாபம் போச்சு. 2011-ல் சிகாகோவில் திறந்த நெக்ஸ்ட் உணவகம் இதற்கு ஒரு வழி கண்டது. மேசைக்குப் பதிவு வாங்காமல், முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு டிக்கெட் விற்றார்கள். வாரக் கடைசிக்கு ஒரு விலை, வார நடுவில் குறைந்த விலை. இன்று கார்டு எண் கேட்பதும் முன்பணம் வாங்குவதும் அதே நோக்கத்தில்தான். வாடிக்கையாளருக்கு எரிச்சல்தான், ஆனால் இந்த விஷயத்தில் நான் முதலாளி பக்கம்.

டிக்கெட் மாதிரி ஆனதும் கள்ளச் சந்தையும் வந்துவிட்டது. பேர்போன இடங்களின் மேசைகளை மொத்தமாகப் பிடித்துவைத்து அதிக விலைக்கு விற்கும் கூட்டம் கிளம்பியது. உணவகத்தின் அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆட்கள் முன்பதிவை விற்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் 2024 டிசம்பரில் சட்டம் போட வேண்டியதாயிற்று.

உச்சியில் இருக்கும் உணவகங்களுக்கும் இந்தக் கணக்கு இடிக்கிறது. கோபன்ஹேகனின் நோமா உலகத்தின் சிறந்த உணவகம் என்று பலமுறை பட்டம் வாங்கியது. வழக்கமான உணவகமாக இனி நடத்தப்போவதில்லை என்று அதன் செஃப் ரெனே ரெட்ஸெப்பி 2023 ஜனவரியில் அறிவித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். நியூயார்க்கின் இலெவன் மேடிசன் பார்க் உணவகம் 2021-ல் முழுக்கத் தாவர உணவுக்கு மாறியது. 2025-ல் மறுபடி இறைச்சியை மெனுவில் சேர்த்தது.

அப்புறம், நாற்காலியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள். கிளவுட் கிச்சன், அதாவது உட்கார இடமில்லாத, டெலிவரிக்காக மட்டும் சமைக்கும் கூடம். முக்கியச் சாலையில் கடை வேண்டாம், வாடகை குறைவு, சர்வர் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது, டெலிவரி செயலிக்கான கமிஷன் வரும்வரை. அது 30 சதவீதம்வரைகூடப் போகும். நாற்காலியில் மிச்சம் பிடித்ததைச் செயலி வாங்கிக்கொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நியூயார்க் நகரம் டெலிவரிக் கமிஷன் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரே சமையலறை, ஆனால் செயலியில் பல பெயர்கள். அமெரிக்காவில் சிறுவர் விளையாட்டுக்கூடம் நடத்தும் சக் இ. சீஸ் நிறுவனம், 2020-ல் பாஸ்க்வாலிஸ் பீட்சா அண்ட் விங்ஸ் என்ற பெயரில் டெலிவரி செய்தது. அக்கம்பக்கத்துச் சின்னக் கடைக்கு உதவுகிறோம் என்று நினைத்து வாங்கியவர்களுக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2023-ல் ஊபர் ஈட்ஸ் இப்படி ஒரே மெனுவைப் பல பெயர்களில் விற்ற பட்டியல்களில் 5,000 அளவுக்கு நீக்கியது. நீங்கள் செயலியில் ஒரு புதுப் பெயரைப் பார்த்தால் முகவரியை வரைபடத்தில் தேடுங்கள். அதே கதவு எண்ணில் இன்னும் ஐந்து பெயர்கள் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எப்போது போய்ச் சாப்பிடலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்வதைச் சொல்லி முடிக்கிறேன். திறந்த முதல் மாதம் போகாதீர்கள். சர்வர்களுக்கு மேசை எண்ணே மனப்பாடம் ஆகியிருக்காது, மெனு வாரத்துக்கு ஒருமுறை மாறும். பெரிய பத்திரிகைகளின் உணவு விமர்சகர்களே அந்த முதல் வாரங்களைத் தவிர்த்துவிட்டு, பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய்த்தான் எழுதுவார்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில், செவ்வாயோ புதனோ, ஆறரை மணிக்குப் போங்கள். சுவர் ஓரமாக இடம் கேளுங்கள், இரைச்சல் கொஞ்சம் குறையும். அந்த நேரத்தில் நாற்காலிகள் சும்மா கிடக்கும், உங்களை யாரும் விரட்டமாட்டார்கள். வணக்கம்.