துணை நட்சத்திரம் இருந்தால் முடிவு மாறுமா?

போன வீடியோவில், பிறக்கும்போது இருக்கும் நிறைதான் ஒரு நட்சத்திரத்தின் முடிவைத் தீர்மானிக்கும் என்று சொல்லியிருந்தேன். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருந்தால்?" நல்ல கேள்வி. அப்போது கதையே மாறிவிடும். நான் சொன்னது தனி நட்சத்திரத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் பெரிய நட்சத்திரங்களில் தனியாக வாழ்ந்து முடிப்பவை குறைவு. மிகப் பெரிய, ஓ வகை நட்சத்திரங்களில் 70 சதவீதத்துக்கு மேல் துணையோடு வாயுவைக் கொடுத்து வாங்கும், அல்லது ஒன்றாகவே கலந்துவிடும் என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

1993 மார்ச் கடைசியில், சப்தரிஷி மண்டலத் திசையில், எம்81 என்ற கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவா, அதாவது ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறுவது, தெரிந்தது. பெயர் எஸ்என் 1993ஜே. முதல் நாட்களில் அதன் நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஹைட்ரஜன் இருப்பதைக் காட்டும் கோடுகள் இருந்தன. சில வாரங்களில் அவை மங்கி, ஹீலியம் கோடுகள் மேலே வந்தன. வெளிச்சமும் ஒரு தடவை ஏறி இறங்கி, மறுபடியும் ஏறியது. அப்படியென்றால் வெளியே ஹைட்ரஜன் மெல்லிய போர்வையாகத்தான் மிஞ்சியிருக்க வேண்டும். சுமார் 15 சூரியன் நிறையோடு பிறந்த நட்சத்திரம் அது. மீதி ஹைட்ரஜன் எங்கே போனது?

பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டுகிற மாதிரிதான். வயதான நட்சத்திரம் உப்பிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்கு மேல் அதன் மேலடுக்கைத் துணையின் ஈர்ப்பு இழுத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் அடங்கும் பகுதியை ரோஷ் மடல் (Roche lobe) என்பார்கள். வெடிப்பு மங்கிய பிறகு ஹபிள், கெக் தொலைநோக்கிகளால் அதே இடத்தைப் பார்த்தார்கள். சூடான, நீல நிற நட்சத்திரம் ஒன்றின் தடயம் அங்கே இருந்தது. 2004-இல் அதை வெளியிட்டார்கள். வெடித்ததன் துணை அதுதான்! இதை முதல் தடவை படித்தபோது எனக்குச் சிலிர்த்துப் போய்விட்டது.

சரி, போர்வை போனால் உள்ளே என்ன ஆகும்? சீக்கிரமே உரிக்கப்பட்டால் ஹீலியம் கரு மேலும் வளர வழியில்லை. அதனால், தனியாக இருந்திருந்தால் கருந்துளையாகியிருக்கக்கூடிய ஒன்று நியூட்ரான் நட்சத்திரமாக முடியலாம் என்று கணினிக் கணக்குகள் காட்டுகின்றன. வாங்கிக்கொண்ட துணைக்கோ நிறை கூடுகிறது, அதன் ஆயுள் கணக்கும் மாறுகிறது.

அதனால் எந்த நிறைக்கு எந்த முடிவு என்று போன வீடியோவில் காட்டிய அட்டவணையைக் குறித்து வைத்திருப்பவர்கள், அதன் தலைப்பில் 'தனி நட்சத்திரத்துக்கு மட்டும்' என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.