கரண்ட் வரும் நேரத்தை யார் முடிவு செய்வது?

(மன்னார்குடியில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டால், இங்கே பாதிப் பேர் பேப்பரைப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். நம் பம்புசெட்டு மோட்டார் ஓடத் தேவையான மும்முனைக் கரண்ட், அதாவது த்ரீ பேஸ், எப்போது வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் மட்டும், "இ.பி.க்காரங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அவர்கள் மட்டும் இல்லை. சென்னையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. மின் கழகம் எந்த மின்சாரத்தை என்ன விலைக்கு வாங்கலாம், அதில் காற்றாலையும் சோலாரும் எத்தனை சதவீதம் இருந்தாக வேண்டும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. கட்டண மனு வந்தால், மக்களுடைய ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே ஆணை போட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொல்கிறது. 2022இல் அப்படிக் கருத்துக் கேட்டார்கள். எங்கே? கோவை, மதுரை, சென்னை. தஞ்சாவூரும் இல்லை, திருச்சியும் இல்லை. நாமும் ஏன் என்று கேட்கவில்லை.

"விவசாயக் கரண்ட்தான் இலவசமாச்சே, நமக்கென்ன?" என்பீர்கள். சரி, காசு இல்லை. நேரம்? ராத்திரி முறையில் த்ரீ பேஸ் வந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்தபடி போக வேண்டும். சுற்றுவட்டார மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். மோட்டார் சுற்றாமல் உறுமும். அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் புகைந்துவிடும். அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவுக்கு எந்த மானியமும் கிடையாது.

இப்போது காலண்டரைப் பாருங்கள். நம் குறுவை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை. தென் மாவட்டக் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. சோலார் வருவது பகலில். நெல்லுக்குத் தண்ணீர் காலை பத்து மணிக்குப் பாய்ந்தால் என்ன, மதியம் இரண்டு மணிக்குப் பாய்ந்தால் என்ன? வீடுகளில் ராத்திரி ஓடும் ஃபேனையும் ஏ.சி.யையும் பகலுக்கு மாற்ற முடியாது, பம்புசெட்டை மாற்றலாம். வெயில் நேரத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் பெரிய வாடிக்கையாளர் நாம்தான். இதை ஆணையத்தின் முன்னால் நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

இதில் இன்னொரு விஷயம். பத்து ஆண்டுத் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு, ஆண்டுதோறும் அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்று மின் பகிர்மான நிறுவனங்களுக்கு 2023இல் மத்திய மின் அமைச்சகம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நாம் சண்டை போடுவது கரண்ட் போன பிறகு. இந்தத் திட்டம் எழுதப்படுவது அதற்கு வெகு முன்னால்.

கருத்துச் சொல்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. நஞ்சை நிலத்தில் சோலார் பலகை நடுவதை நான் ஏற்க மாட்டேன். அரிசி ஆலைக் கூரை, நெல் கிடங்குக் கூரை, துணை மின் நிலையத்துக் காலி இடம், முதலில் இவை நிரம்பட்டும். அதேபோல, பகலெல்லாம் கரண்ட் கிடைக்கிறது என்று வேதாரண்யம் பக்கம் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால், கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிடும். அங்கே எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பதையும் நாமே மனுவில் எழுத வேண்டும். அதிகாரி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், "கரண்ட் சரியில்லை" என்று ஒற்றை வரி மனு போடாதீர்கள். அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த டிரான்ஸ்பார்மர், அதில் எத்தனை மோட்டார், எத்தனை எச்.பி., குறுவையில் எந்தெந்தத் தேதி எத்தனை மணிக்கு த்ரீ பேஸ் வந்தது, எப்போது போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிரான்ஸ்பார்மருக்கு ஓர் ஆள் போதும். மின் கழகம் தாக்கல் செய்யும் கணக்குக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடமும் ஒரு கணக்கு வேண்டும். அந்த நோட்டின் நகலோடு, அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் தஞ்சாவூரிலும் நடக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தமிழிலேயே எழுதி ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்புவோம். கையெழுத்துத் தாள் பின்வரிசையில் இருக்கிறது. போகும்போது ஊர்ப் பெயரையும் டிரான்ஸ்பார்மர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள்.