பக்கத்திலிருந்து வரும் பாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பில்லர் எத்தனை மாடி தாங்கும்?" அவரும் யோசிக்காமல், "மூணு மாடி எடுக்கலாங்க, கவலையே வேணாம்" என்பார். கேள்வியும் பதிலும் மேலிருந்து கீழே இறங்கும் எடையைப் பற்றியவை. பக்கத்திலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இரவு எந்தத் தென்னையின் எடையும் கூடிவிடவில்லை. உச்சியில் இருந்த மட்டைகளைக் காற்று பிடித்துத் தள்ளியது. அவ்வளவு உயரத்தில் தள்ளியதால் அடியில் நெம்பியது. கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிறோமே, அதே நெம்புதான். கட்டடத்திலும் காற்று இப்படித்தான் வேலை செய்கிறது: தள்ளுவது மேலே, நெம்புவது அடியில்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடலாம். பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் போதும், ஆனால் கேட்டாலே புரியும்படி சொல்கிறேன். காற்றுப் பாரத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம் இருக்கிறது, 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகம் தந்திருக்கிறார்கள். மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, நம் கடற்கரைப் பட்டைக்கு 50. ஐம்பது மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். இது நாள் முழுதும் அடிக்கும் காற்றின் வேகம் இல்லை, மூன்று விநாடி வந்து அறைந்துவிட்டுப் போகும் வீச்சின் வேகம்.

வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் 2500. அதை 0.6-ஆல் பெருக்கினால் 1500. சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். நம் பாஷையில் சொன்னால் சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மதுரை வேகத்தைவிட நம் வேகம் கால் பங்கு சொச்சம்தான் அதிகம், ஆனால் வேகத்தை வேகத்தாலேயே பெருக்குவதால் அழுத்தம் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. மதுரையில் நின்ற வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து வேதாரண்யத்தில் கட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

காற்று முன்சுவரைத் தள்ளுவதோடு விடாது, பின்சுவரை இழுக்கவும் செய்யும். இரண்டையும் சேர்த்து 1.2-ஆல் பெருக்கிக்கொள்வோம். சதுர அடிக்கு 17 கிலோ. சின்னச் சின்னக் குறைப்புகளுக்கு விதி இடம் தருகிறது. கைக்கணக்கில் அவற்றை விட்டுவிடலாம்.

இப்போது ஒரு வீடு. நாற்பது அடி நீளம், முப்பது அடி அகலம். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, மொட்டை மாடியில் மூன்றடி கைப்பிடிச்சுவர். மொத்த உயரம் 23 அடி. நாற்பதடி முகத்தில் காற்று அடிக்கிறது. நாற்பது பெருக்கல் இருபத்து மூன்று, 920 சதுர அடி. அதை 17-ஆல் பெருக்கினால் பதினைந்தரை டன். பதினைந்தரை டன் வீட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, புயல் பாதுகாப்பு மையம் என்றால் இன்னும் கூடும். புயலுக்குப் பிறகும் நின்றாக வேண்டிய கட்டடங்கள் என்பதால், கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அவற்றுக்கு வேகத்தை 1.3-ஆல் பெருக்கச் சொல்கிறது விதி. 1.3-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 1.69. ஆக, அழுத்தம் எழுபது சதவீதம் அதிகம். திருவாரூர், மன்னார்குடி எல்லாம் அந்த 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

"நிலநடுக்கம்?" என்று கேட்பீர்கள். அந்தத் தள்ளு வேறு வழியில் வருகிறது. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தை இழுத்ததும் சக்கரம் ஒரு குலுக்கலோடு நகரும். உச்சியில் கலசம் சட்டென்று நகராமல் பின்தங்கும், பிறகு முன்னால் ஆடும். தேரின் மேல்பகுதியை யாரும் தொடவில்லை. கீழே நகர்ந்தது, மேலே இருந்த எடை நகர மறுத்தது. நிலநடுக்கத்தில் வீட்டுக்கு நடப்பதும் அதுவே. அதனால் இங்கே கணக்கு சுவரின் பரப்பில் தொடங்குவதில்லை, எடையில் தொடங்குகிறது.

நம் வீட்டின் எடை எவ்வளவு? தளம், பீம், சுவர், பூச்சு எல்லாம் சேர்த்து முதல் தளத்துக்கு 140 டன், மேல் தளத்தில் சுவர் பாதிதான் என்பதால் 100 டன் என்று வைப்போம். மொத்தம் 240 டன். நிலநடுக்கத்துக்கான தர விதி ஐ.எஸ். 1893, நாட்டை நிலநடுக்க அபாயத்தின்படி மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி தஞ்சை இரண்டாம் மண்டலம், மண்டல எண் 0.10. அதில் பாதி 0.05. சாதாரண முறையில் கம்பி கட்டிய சட்டகத்துக்கு, அதாவது பில்லரும் பீமும் சேர்ந்த கூட்டுக்கு, அதை மூன்றால் வகுத்து, குட்டைக் கட்டடம் என்பதால் 2.5-ஆல் பெருக்க வேண்டும். விடை எடையில் 24-ல் ஒரு பங்கு. 240 டன்னில் 24-ல் ஒரு பங்கு, பத்து டன்.

காற்றுக்குப் பதினைந்தரை, நிலநடுக்கத்துக்குப் பத்து. நம் கடற்கரையில் இந்த அளவு வீட்டுக்குக் காற்றுதான் பெரிய ஆள். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதாக விதி எடுத்துக்கொள்வதில்லை, எது பெரிதோ அதற்குக் கட்டினால் போதும். ஆறு மாடிக்குப் போனால் கதை மாறும். அங்கே மண்ணும் கணக்கில் நுழைகிறது. திருச்சி மலைக்கோட்டைப் பாறை போன்ற நிலத்தில் நிற்கும் 18 மீட்டர்ச் சட்டகத்துக்கு வரும் நிலநடுக்க விசையைவிட, அதே சட்டகம் நம் இளக்கமான வண்டல் களியில் நின்றால் சுமார் 1.6 மடங்கு வரும். இளகிய மண் மெதுவாக ஆடும், உயரமான கட்டடமும் மெதுவாக ஆடும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் வீச்சு கூடுமே, அந்த மாதிரி.

சரி, பதினைந்தரை டன். இதைத் தாங்குவது யார்? பில்லர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்.

ஒரு மர அடிக்கோலை எடுத்துத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள். சுலபமாக வளையும். அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பி, விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து வளையுங்கள். அசையாது. கோல் அதேதான், மரமும் அதேதான், பிடித்த திசை மட்டும் மாறியது. பில்லரும் அப்படித்தான். 9 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்று ஒரு பில்லர் போடுகிறீர்கள். 18 அங்குலப் பக்கம் காற்றின் திசையோடு இருந்தால் கிடைக்கும் விறைப்பு, குறுக்கே இருந்தால் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு. சிமெண்ட் ஒரு சட்டி கூட அதிகம் ஆகவில்லை, கம்பி ஒரு அடி கூட அதிகம் ஆகவில்லை. நான்கு மடங்கு.

நம் வீடுகளில் நடப்பது என்ன? சுவர் 9 அங்குலம். பில்லர் சுவருக்கு வெளியே துருத்தினால் கட்டில் போட முடியாது, பீரோ வைக்க முடியாது என்று, எல்லாப் பில்லரையும் நீளச்சுவருக்குள் ஒளித்துவிடுகிறோம். அப்படியானால் எல்லாப் பில்லரும் வீட்டின் நீளவாக்கில் விறைப்பு, அகலவாக்கில் தொய்வு. ஆனால் பதினைந்தரை டன் தள்ளுவது அகலவாக்கில், ஏனென்றால் காற்றுக்குப் பெரிய முகம் நாற்பதடி முகம். விறைப்பு தேவைப்படாத திசையில் இருக்கிறது, தேவைப்படும் திசையில் இல்லை. வீடு நீளமாக இருந்தால், பாதிப் பில்லருக்கு மேல் குறுக்குச்சுவரோடு நிற்க வேண்டும். மனையடி சாஸ்திரம் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இன்னும் மோசம், எல்லாமே ஒன்பதுக்கு ஒன்பது. அதையும் ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டில் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு பில்லர். தரைத்தளப் பில்லரின் நடு உயரத்துக்கு மேலே அடிக்கும் காற்றுதான் அந்தப் பில்லர்களுக்கு வரும். கீழ்ப்பாதி, தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீம் வழியாக மண்ணுக்குப் போய்விடும். அப்படிப் பார்த்தால் 12 டன். தளம் ஒரு பெரிய பலகை மாதிரி எல்லா வரிசையையும் சேர்த்துப் பிடிப்பதால் வரிசைக்கு 3 டன். ஓரப் பில்லருக்கு ஒரு பங்கு, நடுப் பில்லருக்கு இரண்டு பங்கு என்று பிரித்தால் நடுவில் நிற்பதற்கு ஒன்றரை டன். பில்லர் பத்தடி, நெம்பு நீளம் அதில் பாதி, ஐந்தடி. ஒன்றரை பெருக்கல் ஐந்து, ஏழரை டன்-அடி. பாதுகாப்புக்கு ஒன்றரையால் பெருக்கினால் பதினொன்று. எம் 20 கான்கிரீட்டில், நாலு மூலையிலும் 16 மில்லிமீட்டர் கம்பி வைத்த ஒன்பதுக்கு ஒன்பது பில்லர், தலையில் இரண்டு தளத்தின் எடையைச் சுமந்துகொண்டு நிற்கும்போது, ஆறேழு டன்-அடிக்கு மேல் தாங்காது. தேவை பதினொன்று, இருப்பது ஏழு. 9-க்கு 15 போட்டு, 15-ஐக் காற்றின் திசையில் நிறுத்தி, கம்பி ஆறாக்கினால் தாராளமாகத் தேறிவிடும்.

"அப்படியானால் ஒன்பதுக்கு ஒன்பது வீடெல்லாம் விழவில்லையே?" என்று கேட்பது நியாயம். செங்கல் சுவர்தான் காரணம். பில்லருக்கும் பில்லருக்கும் இடையில் இறுக்கமாகக் கட்டிய சுவர் குறுக்குக் கட்டை கொடுத்த மாதிரி நிற்கிறது. நம் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, ஆனால் அது உழைக்கிறது. ஆபத்து எப்போது என்றால், அந்தச் சுவரை எடுக்கும்போது. கடைத்தெருக் கட்டடங்களைப் பாருங்கள். கீழே மூன்று ஷட்டர், பின்னால் முழுச்சுவர், இரண்டு பக்கமும் சுவர். தெரு ஓடும் திசையில் ஒரு தள்ளு வந்தால், பின்பக்கம் சுவர் இருப்பதால் நகராது, முன்பக்கம் திறந்து கிடப்பதால் நகரும். கீல் பின்னால் இருக்கும் கதவு மாதிரி கட்டடம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு முழுவதும் முன்வரிசைப் பில்லர்களில் போய் விழும், கடைக்காரர் "ஷட்டர் அகலம் குறையும்" என்று சொல்லி ஒல்லியாக்கிய அதே பில்லர்களில். இரண்டு மூலைப் பில்லரையாவது தெருவோடு நீளமாகப் போடச் சொல்லுங்கள். மூலைக்கு ஒன்பது அங்குலம்தான் போகும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், புஜ்ஜிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் அகமதாபாத்தில்கூட, தரைத்தளத்தைத் திறந்து விட்டு வண்டி நிறுத்தக் கட்டிய அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. மேலே சுவர் நிறைய, கீழே சுவர் இல்லை.

அடுத்தது ரிங், பில்லரின் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். நெம்பு பில்லரின் நடுவில் ஒன்றுமே இல்லை, தலையிலும் காலிலும்தான் உச்சம். ஆனால் ரிங் எங்கே குறைகிறது? பீம் வந்து பில்லரில் சேரும் முட்டில். பீம் கம்பி நெருக்கமாக இருக்கும், கை நுழையாது என்று கம்பி கட்டுகிறவர் அங்கே ரிங்கை விட்டுவிடுவார். அந்த முட்டுக்குள் ரிங் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கீழும் ஒன்றரை அடிக்கு மூன்று, நான்கு அங்குல இடைவெளியில் இருக்க வேண்டும். ரிங்கின் வால் செங்குத்தாக மடிந்தால் போதாது, உள்ளே கான்கிரீட்டுக்குள் போகும்படி 135 பாகை மடிய வேண்டும். செங்குத்து மடிப்பு மேல்பூச்சு உதிர்ந்ததும் விரிந்துவிடும். இந்த ரிங் விதி மூன்றாம் மண்டலம் தொட்டுத்தான் கட்டாயம், நமக்குக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் கூடுதல் செலவைப் பாருங்கள்: பில்லருக்கு எட்டு ரிங் கூடும், மூன்றரை கிலோ. பன்னிரண்டு பில்லருக்கு, ஒரு தளத்துக்கு, சுமார் நாற்பது கிலோ எட்டு மில்லிமீட்டர் கம்பி. ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் ஒட்டும் தளமட்டத்தில் வேண்டாம். பில்லரின் நடுப்பகுதியில், 16 மில்லிமீட்டர் கம்பிக்கு இரண்டடி எட்டு அங்குலம் ஒட்டு வையுங்கள்.

நேரம் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஐயாயிரம் லிட்டர் என்றால் ஐந்து டன், அதுவும் உச்சியில். நிலநடுக்கத்தின் பத்து டன்னில் ஏழரை மேல்தளத்துக்கே போகிறது என்பதால், தொட்டியை ஒரு மூலையில் வைக்காமல் நடுப்பில்லர்களுக்கு மேலே வையுங்கள். பின்னால் மாடி எடுக்கலாம் என்று விட்டுவைத்த கம்பியைக் கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்று தின்றுவிடும். அதற்குச் சிமெண்ட் பால் பூசி, சன்னமான கான்கிரீட்டில் மூடி வையுங்கள். மாடி எடுப்பதற்கு முன்பு, அந்த ஒரு தளத்துக்கு ஏழு டன் காற்று கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காம்பவுண்டு சுவர். ஐந்தடி உயரம், நாலரை அங்குலச் சுவர். ஓடும் அடி ஒன்றுக்குக் காற்று 85 கிலோ தள்ளும், இரண்டரை அடி உயரத்தில், ஆக 212 கிலோ-அடி. சுவரின் எடை எதிர்த்து நிற்பது வெறும் 19. பில்லர் இல்லாமல் நீளமாக ஓட விட்டால் விழத்தான் செய்யும். எட்டடிக்கு ஒரு பில்லர், கீழே பீம், தலையில் ஒரு கான்கிரீட் பட்டை. வணக்கம்.