உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் நடுவில் தொலைந்த பைல்

வணக்கம் உறவுகளே! இன்றைக்குக் கடலும் இல்லை, கோட்டை மான்களும் இல்லை. முழுக்க ஃபாக்ஸ்ப்ரோ, அதுதான் கணக்கு மென்பொருள் எழுத உதவுகிற மைக்ரோசாஃப்டின் பழைய கருவி. பிடிக்காதவர்கள் இப்போதே போகலாம், கோபிக்க மாட்டேன்.

திருகோணமலை உப்புவெளியில் வலை விற்கிற ஒரு கடைக்குக் கடன் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன், இன்றைக்கு அதன் கதைதான். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9. ஆமாம், 2004இல் வந்தது, 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. இன்னும் ஏன் இதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கமெண்டில் கேட்காதீர்கள். அந்தக் கடையின் கிழட்டுக் கம்ப்யூட்டரில் வந்து பாருங்கள், அப்புறம் கதைப்போம்.

செவ்வாய்க்கிழமை புது எக்ஸியை, அதாவது மென்பொருளை ஓட்டுகிற பைலை, கொண்டுபோய்ப் போட்டேன். எல்லாம் ஓடியது. மாத நிலுவை ரிப்போர்ட்டை அழுத்தினால் மட்டும் பைல் இல்லையாம். முதலாளி அண்ணா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, உங்கட வீட்டில ஓடினதுதானே?" என்றார். ஓடியதுதான் அண்ணா, அதுதான் வில்லங்கமே!

பென்டிரைவில் எக்ஸி மட்டும்தான் இருந்தது. ஸ்கூட்டர் வேறு கராஜில். ஓட்டோவுக்குப் போக 600, வர 600, மறுபடி போக, வர. 2400 ரூபாய்! தொலைந்த ரிப்போர்ட்டோ வெறும் 12 கேபி. ஒரு கேபிக்கு 200 ரூபாய், உறவுகளே. தங்கம்கூட இப்படி ஏறவில்லை.

நடந்தது இதுதான். ரிப்போர்ட்டின் பெயரைக் கோடில் நேரே எழுதாமல் ஒரு மாறியில், அதாவது ஓடும்போதுதான் பெயர் நிரம்புகிற வேரியபிளில், போட்டிருந்தேன். பில்ட் பண்ணும்போது, அதாவது எக்ஸியை உருவாக்கும்போது, ஃபாக்ஸ்ப்ரோவுக்குள் இருக்கிற ப்ராஜெக்ட் மேனேஜர் என்கிற கருவி கோடைப் படித்து, கண்ணுக்குத் தெரிகிற பெயர்களைத்தான் எக்ஸிக்குள் இழுக்கும். மாறிக்குள் என்ன வரும் என்று அது என்ன சாத்திரமா பார்க்கும்? என் வீட்டில் மட்டும் அதே ஃபோல்டரில் அந்தப் பைல் வெளியே கிடந்தது. எக்ஸி சத்தமில்லாமல் அதை எடுத்து ஓட்டிவிட்டது.

மருந்து ஒரே வரி. எக்ஸ்டர்னல் ரிப்போர்ட் என்று எழுதி, பக்கத்தில் பைலின் பெயர். ஓடும்போது அந்த வரி எதுவும் செய்யாது, பில்டுக்கு மட்டும்தான். எழுதினேன், பில்ட் பண்ணினேன், வெறும் ஃபோல்டரில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடியது! நடுராத்திரியில் நான் போட்ட கூச்சலில் அம்மா எழும்பிவிட்டார்.

ஆ, மறந்துவிட்டேன், இரண்டாம் தடவை போனபோதும் ஒரு அடி விழுந்தது. ரிப்போர்ட் இருக்கிறது, ஆனால் திரையில் காட்ட ரிப்போர்ட்ப்ரிவியூ.ஆப் இல்லை. இந்தத் தடவைதான் ரிப்போர்ட்டைக் காட்டுகிற புது விதத்துக்கு, அதாவது ரிப்போர்ட்பிஹேவியர் 90க்கு மாற்றியிருந்தேன். அதற்கு இந்தப் பைலையும் கூடக் கொடுக்க வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ நிறுவிய என் கம்ப்யூட்டரில் அது எப்போதும் இருக்கும், எனக்கு எப்படி நினைவு வரும்? நல்ல காலம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

இதைக் கேட்டுவிட்டுப் பயத்தில் கடன் டேபிளையும், அதாவது கடன் கணக்குகள் பதிவாகிற பைலையும், எக்ஸிக்குள் திணித்துவிடாதீர்கள். உள்ளே போனால் வாசிக்கத்தான் முடியும், ஒரு ரூபாய் வரவுகூட எழுத முடியாது. ப்ராஜெக்டில் பெயருக்குப் பக்கத்தில் குறுக்குக்கோடு போட்ட வட்டம் இருந்தால், அது வெளியே நிற்கிறது என்று அர்த்தம். டேபிள் அங்கேயே நிற்கட்டும்.

கடைசியில் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. அண்ணா முதலில் விரல் வைத்துத் தேடியது தன் மச்சானின் நிலுவையைத்தான். ஓட்டோக் காசையும் பில்லில் போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

பிளேன்டீ வந்தது.